சுண்டெலியில் புழுத்தொற்று சரியாக அமையவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

ஒட்டுண்ணிப் புழுக்களை விலங்குகளில் வைத்து ஆய்பவர்களிடம் ஒரு அவசரம் உண்டு. எதிர்பாராத முடிவு வந்தால் உடனே நோயெதிர்ப்பு விளக்கம் தேடப் போய்விடுவோம். ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலியில் புழு குறைந்திருந்தால் அந்த மரபணுவுக்கு வேலை கண்டுபிடித்தாகிவிட்டது என்று மகிழ்ச்சி. தயவுசெய்து அதற்கு முன்னால் புழுவைப் பாருங்கள். லார்வா உயிரோடு இருந்ததா, எத்தனை உள்ளே போனது, எந்த நாளில் எண்ணினீர்கள், விலங்குக்கூடத்தில் என்ன தீவனம் போட்டார்கள், எண்ணியவர் எப்படி எண்ணினார். இந்த வரிசையில் தேடினால் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் நோயெதிர்ப்புப் பக்கம் போகாமலேயே அவிழ்ந்துவிடும். விலங்கின் உயிரைச் செலவழித்துச் செய்கிற வேலை இது, ஒரு சோதனை வீணானால் அந்த உயிர்களும் சேர்த்துத்தான் வீண்.

பெயர்கள் நீளமானவை என்பதால் ஆய்வகத்தில் சொல்வதுபோலச் சுருக்கியே எழுதுகிறேன். ஹெலிக்மோசோமாய்டீஸ் பாலிகைரஸ் என்பது பாலிகைரஸ், நிப்போஸ்ட்ராஞ்சைலஸ் பிரேசிலியென்சிஸ் என்பது நிப்போ, சுண்டெலியின் சாட்டைப்புழுவான டிரைகூரிஸ் மூரிஸ் வெறும் மூரிஸ். எலி என்று எழுதும் இடத்தில் பெரிய எலியைத்தான் சொல்கிறேன்.

ஒரு விலங்கிலும் புழு இல்லை

முழுக் கூட்டத்திலும் பூஜ்யம் என்றால் பதற வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கும், தேடுவது சுலபம்.

முதலில் நாள்காட்டி. நிப்போவின் மூன்றாம் நிலை (தொற்றும் நிலை) லார்வாவைத் தோலடியில் செலுத்தினால் 1–2 நாளில் நுரையீரல், 3–4 நாளில் சிறுகுடல், அப்புறம் 9 முதல் 11 நாளுக்குள் இயல்பான சுண்டெலி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். 12-ஆம் நாள் குடலைத் திறந்து புழு இல்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை, 6 அல்லது 7-ஆம் நாள் பார்த்திருக்க வேண்டும். பாலிகைரஸ் இதற்கு நேர்மாறு. வாய்வழியாகப் போன லார்வா சிறுகுடலின் சுவருக்குள் புதைந்து வளர்ந்து, ஏறத்தாழ 8-ஆம் நாள்தான் குடலின் உள்வெளிக்குத் திரும்பும். 5-ஆம் நாள் குடலைக் கழுவி அந்த நீரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சுவரை விரித்து ஸ்டீரியோ நுண்நோக்கியில் பார்த்தால் உள்ளே சுருண்டு கிடக்கும். மூரிஸ் இன்னும் பொறுமை கேட்கும், பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தின் உட்படலத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மெதுவாக வளர்ந்து, முதிர்ந்த புழுவாக 32 முதல் 35 நாள் ஆகும்.

நாள் சரி என்றால் லார்வாவைப் பாருங்கள். ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு 37 டிகிரியில் சில நிமிடம் வைத்து நுண்நோக்கியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் பாலிகைரஸ் லார்வா குச்சி மாதிரி அசையாமல் கிடக்கும், அதை வைத்துச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, உயிரோடு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. சூடு பட்டதும் பாம்பாய் நெளிந்தால் நல்லது. பாலிகைரஸ் லார்வாவை 4 டிகிரியில் நீரில் சில மாதம் வைக்கலாம், நாளாக ஆகத் தொற்றும் திறன் இறங்கும். நிப்போவை அப்படி வைக்காதீர்கள். கரியும் புழுக்கையும் கலந்து 25–26 டிகிரியில் ஒரு வாரம் வளர்த்த தட்டிலேயே அறை வெப்பத்தில் விட்டு, சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். மூரிஸ் முட்டை என்றால் உள்ளே கரு வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் சேகரித்த முட்டை இருட்டில், அறை வெப்பத்தில் சுமார் 8 வாரம் கிடந்தால்தான் உள்ளே லார்வா உருவாகும். இரண்டு முனையிலும் அடைப்பு உள்ள பீப்பாய் போன்ற முட்டைக்குள் சுருண்ட லார்வா தெரியாவிட்டால் எத்தனை கொடுத்தாலும் பயனில்லை.

லார்வாவும் நன்றாக இருந்தால் விலங்குக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள். நிறையப் பேர் மறக்கிற படி இதுதான். ஆய்வகச் சுண்டெலிகளில் தானே பரவும் குடல்புழுவான கீரிப்பூச்சி வந்துவிட்டது என்று அறை முழுவதற்கும் ஃபென்பென்டசோல் என்ற புழுக்கொல்லி கலந்த தீவனம் போட்டிருப்பார்கள், உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கீரிப்பூச்சியைக் கொல்வது உங்கள் புழுவையும் கொல்லும். ரோமத்தில் ஒட்டும் பூச்சிக்காக முதுகில் விடும் மாக்சிடெக்டின் இன்னும் மோசம், அது உடல் கொழுப்பில் தங்கி நீண்ட நாள் இருக்கும். ஐவர்மெக்டினும் இதே பட்டியல்தான். சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், விலங்கு வாங்கிய இடத்தில் என்ன கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

மூரிஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி: குடிநீரில் ஆன்டிபயாட்டிக் உண்டா? மூரிஸ் முட்டை பொரிப்பதற்கே குடல் பாக்டீரியா முட்டையின் முனையில் ஒட்ட வேண்டும் என்பது 2010-இல் காட்டப்பட்டது. பாக்டீரியாவைக் குறைத்துவிட்டால் முட்டை பொரிக்காமலேயே வெளியேறும். கிருமியற்ற சுண்டெலியில் மூரிஸ் பிடிக்காததற்கும் காரணம் இதுதான், அதற்கு நோயெதிர்ப்பு விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

ஒரே குழுவில் ஒன்றில் 20 புழு, இன்னொன்றில் 150

கொஞ்சம் சிதறல் இயல்பு. புழுக்கள் விருந்தோம்பிகளிடையே (தாம் தங்கி வாழும் விலங்குகளிடையே) சமமாகப் பரவுவதே இல்லை, இயற்கையிலும் சரி, கூண்டிலும் சரி. ஆனால் மரபு ஒன்றான சுண்டெலிகளுக்கு எண்ணிக் கொடுத்த டோஸில் ஏழு மடங்கு வேறுபாடு வந்தால் கொடுத்த முறையில்தான் கோளாறு.

லார்வா கீழே படியும், அதுவும் வேகமாக. நீங்கள் குழாயைக் குலுக்கி, பிப்பெட்டில் எடுத்து, சுண்டெலியைப் பிடித்து, குழல் ஊசியை வாய்க்குள் நுழைக்கிற அந்த நேரத்திலேயே ஊசிக்குழாயின் அடிப்பக்கம் லார்வா கூடிவிடும். ஊசியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் முதல் சுண்டெலிக்கு அதிகம், கடைசிக்குக் குறைவு. எந்தக் கூண்டை முதலில் தொட்டீர்கள் என்று குறித்து வைத்திருந்தால் புழு எண்ணிக்கையை அந்த வரிசையில் அடுக்கிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரு சரிவு தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இதில் உண்மையான ஆபத்து எங்கே என்றால், பலர் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு முதலில் கொடுத்து முடித்துவிட்டுத்தான் சோதனைக் குழுவுக்குப் போவார்கள். அப்போது படிதல் செய்த வேலை மருந்தின் வேலை மாதிரித் தெரியும், புள்ளிவிவரத்தில் அழகாகத் தேறவும் செய்யும்.

தீர்வு இதுதான். ஒவ்வொரு சுண்டெலிக்கும் தனித்தனியாகக் கலக்கி எடுங்கள், ஒரே ஊசிக்குழாயில் ஐந்து பேருக்கான டோஸை ஏற்றாதீர்கள். குழுக்களை மாற்றி மாற்றிக் கொடுங்கள். நீர்மத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம் அகர் சேர்த்தால் லார்வா மிதந்தபடியே இருக்கும். பிளாஸ்டிக் சுவரில் லார்வா ஒட்டும் என்பதால் கொடுத்து முடித்தபின் குழாயைக் கழுவி எஞ்சியதை எண்ணுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று டோஸை விலங்குக்குக் கொடுக்காமல் தட்டில் விட்டு எண்ணுங்கள். 200 என்று கணக்குப் போட்டது 230, 190, 120 என்று வந்தால் அன்றைக்கு நடந்தது என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை இது. செய்தவர் அபூர்வம்.

மூரிஸில் டோஸ் பிழை இன்னொரு விதமாக வெளிப்படும். சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலிக்கு 200 முட்டை அளவில் கொடுத்தால் டிஎச்2 எதிர்வினை (புழுவை வெளியேற்றும் வகை நோயெதிர்ப்பு) எழுந்து சுமார் 21 நாளில் புழு வெளியேறும். அதே சுண்டெலிக்கு 20 முட்டை அளவில் கொடுத்தால் எதிர்வினை டிஎச்1 பக்கம் (செல்லுக்குள் வாழும் கிருமிகளுக்கு எதிரான வகை) சாய்ந்து புழு நிலைத்துவிடும். ஆக, நீங்கள் 200 என்று நினைத்ததில் பாதிக்கு மேல் கரு வளராத முட்டை என்றால் சில சுண்டெலிகளில் புழு நிலைக்கும், சிலவற்றில் வெளியேறும். ஒரே குழு இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்தால் முட்டையின் பொரிக்கும் விகிதத்தைச் சோதியுங்கள், அதற்குப் பிறகு நோயெதிர்ப்புச் செல்களின் செய்திப் புரதமான சைட்டோகைனைப் பற்றிப் பேசலாம்.

புழு இருக்கிறது, புழுக்கையில் முட்டை இல்லை, அல்லது எண்ணிக்கை தினம் ஆடுகிறது

பாலிகைரஸ் முட்டை 10-ஆம் நாளை ஒட்டித்தான் தலைகாட்டும், நிலையான எண்ணிக்கை வேண்டுமென்றால் 14-ஆம் நாள் வரை பொறுங்கள். முட்டை வெளிவருவது பகலுக்கும் இரவுக்கும் மாறும் என்பதால் தினம் ஒரே நேரத்தில் சேகரிக்க வேண்டும். தரையில் கிடக்கும் பழைய புழுக்கையை எடுக்காதீர்கள். சுண்டெலியை வெற்றுப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் விட்டால் தானே போடும், அதை எடுத்து எடை போடுங்கள். புழுக்கை ஈரமாக இருந்தால் ஒரு கிராமுக்கான முட்டைக் கணக்கு நீர்த்துப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முட்டையை மிதக்கவைத்து மெக்மாஸ்டர் தட்டில் எண்ணுபவர்கள், எண்ணியதை ஒரு கிராமுக்கு மாற்றும் பெருக்கெண்ணைச் சரிபாருங்கள். 2 கிராமை மொத்தம் 30 மில்லியாகக் கரைத்து, 0.15 மில்லி கொண்ட இரண்டு அறையையும் எண்ணினால் பெருக்கெண் 50. சுண்டெலி 2 கிராம் புழுக்கையா போடும்? அளவைக் குறைத்துவிட்டுப் பெருக்கெண்ணை மட்டும் அப்படியே வைத்திருப்பார்கள், அங்கேதான் வழுக்கும். உப்புக் கரைசல் செறிவூட்டியதா என்று ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள், ஒப்படர்த்தி 1.2 வேண்டும். ரத்தக்குழாயில் வாழும் தட்டைப்புழுவான சிஸ்டோசோமாவின் முட்டைக்கு இந்த மிதக்கவைக்கும் முறையே உதவாது, புழுக்கையைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் கடோ-கட்ஸ் பூச்சு அல்லது கல்லீரலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து எண்ணுவதுதான் வழி.

சிஸ்டோசோமாவில் புழு நிறைய, முட்டை சுத்தமாக இல்லை என்றால் ஆணும் பெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நத்தைக்குள் ஒரே ஒரு மிராசிடியம் (முட்டையிலிருந்து வரும் லார்வா) போயிருந்தால் அதிலிருந்து வரும் செர்காரியா (நத்தையிலிருந்து வெளிவந்து தோலில் நுழையும் லார்வா) அத்தனையும் ஒரே பால். இரண்டு மூன்று நத்தையை மட்டும் நம்பித் தொற்று ஏற்படுத்தினால் இந்த விபத்து நடக்கும். பல நத்தைகளின் நீரைக் கலந்து எடுங்கள்.

சிஸ்டோசோமா: கொடுத்தது 150, கிடைத்தது 10

சுண்டெலியில் எஸ். மான்சோனி என்ற சிஸ்டோசோமா இனத்தின் செர்காரியாவில் மூன்றில் ஒரு பங்கு முதிர்ந்தாலே நல்ல விளைச்சல். அதற்கும் கீழே போனால் செர்காரியாவின் வயதைக் கேளுங்கள். அதற்கு வாய் வைத்துத் தின்னும் வேலை கிடையாது, உடம்பில் இருக்கிற சேமிப்பை எரித்து நீந்தும், சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். நத்தையை இருட்டில் வைத்திருந்து வெளிச்சம் காட்டி, வெளிவந்த உடனே பயன்படுத்துங்கள். குழாய்நீரில் குளோரின் இருந்தால் செர்காரியாவும் போகும், செம்புக் குழாய் வழியாக வந்த நீர் என்றால் நத்தையும் போகும். வாலைக் குழாயில் முக்கித் தொற்று ஏற்படுத்தினால், முடிந்தபின் குழாயில் எஞ்சிய செர்காரியாவை எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள். 7-ஆம் வாரம் பெர்ஃப்யூஷன் செய்யும்போது (ரத்தக்குழாயில் நீர் செலுத்திப் புழுவை வெளியேற்றும்போது) கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையை அறுத்ததும் நீர் கல்லீரலை வெளுக்கச் செய்கிறதா என்று கவனியுங்கள். கல்லீரல் சிவப்பாகவே இருந்தால் புழு உள்ளேதான் இருக்கிறது, உங்கள் எண்ணிக்கை பொய். அப்புறம், எலியில் இந்தப் புழு சரியாக முதிராது, சுண்டெலி இல்லை என்று எலிக்கு மாறிவிடாதீர்கள்.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெளியேறுகிறது, அல்லது வெளியேறவே இல்லை

சுண்டெலி வகையைப் பாருங்கள். பாலிகைரஸ் சி57பிஎல்/6, சிபிஏ வகைகளில் வாரக்கணக்கில் தங்கும், பால்ப்/சியில் நடுத்தரம், எஸ்ஜேஎல்லில் சீக்கிரம் போய்விடும். மூரிஸ் ஏகேஆர் வகையில் அதிக டோஸிலும் நிலைக்கும். லிட்டோமோசோய்டீஸ் சிக்மோடோண்டிஸ் என்ற ஃபைலேரியப் புழு பால்ப்/சியில் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா என்ற குஞ்சுப்புழுக்களை விடும் அளவுக்கு வளரும், சி57பிஎல்/6 அதற்குள் புழுவைக் கொன்றுவிடும். ஆக, கலப்பின மரபணு நீக்கச் சுண்டெலியை வெளியில் வாங்கிய சுத்த வகையோடு ஒப்பிட்டால் நீங்கள் எதை ஒப்பிடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. சி57பிஎல்/6 என்ற ஒரே பெயரில் விற்கும் ஜே (J), என் (N) கிளைகளுக்குள்ளேயே மரபணு வேறுபாடு உண்டு. ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளை ஒரே கூண்டில் வைத்துக் கட்டுப்பாடாக எடுங்கள், குடல் பாக்டீரியாவும் அதிலேயே சமனாகும்.

பாலிகைரஸ் போக மறுத்தால் மறுதொற்று ஆகிறதா என்றும் பாருங்கள். ஈரப்புழுக்கையில் முட்டை ஒரு வாரத்தில் தொற்றும் லார்வாவாகிவிடும், சுண்டெலி புழுக்கை தின்னும் விலங்கு. மரத்தூளை வாரம் ஒரு முறையாவது முழுக்க மாற்றினால் இந்தச் சந்தேகமே எழாது.

தொற்றாத குழுவிலும் ஈசினோஃபில், ஐஜிஇ ஏறியிருக்கிறது

இவை புழுத்தொற்றின்போது ஏறும் வெள்ளணுவும் ஆன்டிபாடியும். முதல் சந்தேகம் கீரிப்பூச்சி. வேறு யோசனைக்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அதில் சிஃபேசியா என்ற வகை ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், ஒட்டுநாடாவை அங்கே அழுத்தி எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால் தெரியும். ஆஸ்பிகுலூரிஸ் என்ற வகை அப்படி இடாது, ஒட்டுநாடாவில் ஒன்றும் வராது, புழுக்கையில்தான் தேட வேண்டும். ஒன்றில் இல்லை என்றதும் இரண்டும் இல்லை என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு சுண்டெலியின் சீக்கத்தையும் பெருங்குடலையும் திறந்து வெதுவெதுப்பான நீரில் விட்டுப் பாருங்கள்.

குடல் செல் பிரித்தால் எல்லாம் செத்த செல்

பாலிகைரஸ் தொற்றிய சிறுகுடலில் இது பேர்போன தொல்லை. சளி பெருகியிருக்கும், சுவர் தடித்திருக்கும், இயல்பான குடலுக்கு எழுதிய செயல்முறை இங்கே பலிக்காது. சுண்டெலியை அடுத்தடுத்து எடுத்து வரிசையில் காக்க வைக்காதீர்கள், குடலை எடுத்த நொடியிலிருந்து செல் செத்துக்கொண்டிருக்கிறது. சளியை முதலில் கழுவி நீக்கி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியின் நேரத்தைக் குறைத்து, ஒவ்வொரு தொகுதி நொதியையும் தொற்றிய குடலிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கட்டிகட்டியாக வந்தால் செத்த செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் சேருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் குடலை வடிக்கும் நிணநீர்க்கணுவுக்குப் போகலாம், ஆனால் சங்கிலியாக உள்ள கணுக்கள் எல்லாம் ஒரே இடத்தை வடிப்பதில்லை. சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தை வடிக்கும் கணுவைத் தனியாக எடுக்காமல் எல்லாவற்றையும் கலந்தால் எதிர்வினை கரைந்துபோகும். வளர்ப்பு நீரில் ஐஎல்-4 என்ற சைட்டோகைன் குறைவாக வந்தால் செல்கள் அதைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன என்பதையும் கணக்கில் எடுங்கள், ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடி சேர்த்து அளந்தால் உண்மையான அளவு தெரியும்.

விலங்கு மெலிகிறது, சாகிறது

டோஸைக் குறையுங்கள். நிப்போ அளவு மீறினால் 2-ஆம் நாள் நுரையீரலில் ரத்தக்கசிவு, மூச்சுத் திணறல். சிஸ்டோசோமாவை நீண்ட நாள் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் 25–30 செர்காரியா போதும், புழு சேகரிக்கக் கொடுக்கிற அளவைக் கொடுத்தால் 7-ஆம் வாரத்தைத் தாண்டாது. டிரிக்கினெல்லா என்ற புழுவில் குடல் கட்டத்தில் எடை இறங்கும், தினம் எடை போடுங்கள். எந்த எடையிழப்பில் விலங்கை வலியின்றிக் கொன்று வேதனையிலிருந்து விடுவிப்பது என்பதை நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கும்போதே எழுதி வையுங்கள், அந்த எல்லை வந்ததும் இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று இழுக்கக் கூடாது. கவாஜ் (குழல் ஊசியால் வாய்வழி) கொடுத்த சில நிமிடத்திலேயே இறந்தால் புழு காரணமில்லை, குழல் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது, கொடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும்.

தட்டில் கொன்ற மருந்து விலங்கில் கொல்லவில்லை

புழுவின் வயதை முதலில் பாருங்கள். பிராசிக்வான்டெல் என்ற மருந்து முதிர்ந்த சிஸ்டோசோமாவை அடிக்கும், 2 முதல் 4 வார இளம்புழுவை விட்டுவிடும். அதோடு, நோயெதிர்ப்புக் குறைந்த சுண்டெலியில் அதே மருந்துக்கு வீரியம் குறைகிறது, புழுவை முடிப்பதில் விருந்தோம்பியின் ஆன்டிபாடிக்கும் பங்கு உண்டு. கொடுத்த மறுநாளே பெர்ஃப்யூஷன் செய்யாதீர்கள், மருந்து பட்ட புழு கல்லீரலுக்கு ஒதுங்கும், செத்ததா மீண்டுவந்ததா என்று தெரிய இரண்டு வாரமாவது விடுங்கள். குடல்புழு மருந்தில் கேள்வி வேறு: மருந்து எங்கே உறிஞ்சப்படுகிறது? சிறுகுடலிலேயே ரத்தத்துக்குப் போய்விட்டால் சீக்கத்தில் இருக்கும் சாட்டைப்புழுவுக்கு எட்டுவது கொஞ்சம்தான்.

மாதிரி சரியாக அமைந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்ல ஆசை. ஐவர்மெக்டினுக்கு வழிவிட்ட அவர்மெக்டினின் திறன் முதலில் தெரிந்தது இதே பாலிகைரஸ் தொற்றிய சுண்டெலியில்தான், அப்போது அதற்கு நெமட்டோஸ்பைராய்டீஸ் டூபியஸ் என்று பெயர். 2015-இல் கேம்பெல், ஓமுரா இருவருக்கும் நோபல் வந்தது அந்தப் பணிக்குத்தான்.

எல்லாம் சரி, ஆனாலும் கேள்விக்குப் பதில் வரவில்லை

மாதிரியே தப்பாக இருக்கலாம். அஸ்காரிஸ் லார்வா சுண்டெலியில் கல்லீரல் வழியாக நுரையீரல் வரை போகும், சுமார் 7–8-ஆம் நாளில் அங்கே உச்சம், குடலில் முதிர்ந்த புழுவாகாது. அதற்குப் பன்றி வேண்டும். கொக்கிப்புழுவின் ரத்தம் குடிக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நிப்போ போதாது, ஹாம்ஸ்டரில் ஆன்கைலோஸ்டோமா செய்லானிகம் வையுங்கள், ஆனால் அது மனிதர் தோலிலும் நுழையும் என்பதால் கையுறை விஷயத்தில் சமரசம் கூடாது. யானைக்கால் நோய்க்கான புரூகியா மலாயி சாதாரண சுண்டெலியில் முழுச் சுழற்சியை முடிக்காது, மங்கோலிய ஜெர்பில் அல்லது மாஸ்டோமிஸ் என்ற கொறிவிலங்குகள் தேவை, ஜெர்பிலிலும் ஆண்தான் எளிதில் தொற்றுக்கு ஆளாகும். ஸ்ட்ராஞ்சிலாய்டீஸில் எலிக்கு உரிய ரட்டி இனத்தைச் சுண்டெலியிலும் வைக்கலாம், மனிதருக்கு உரிய ஸ்டெர்கொராலிஸ் வேண்டுமென்றால் ஜெர்பில், நாய் அல்லது நோயெதிர்ப்பு நீக்கிய சுண்டெலி. எது என்று முடிவு செய்தபின் முழுக் குழுவையும் இறக்காமல் மூன்று நான்கு விலங்கில் முன்னோட்டம் பாருங்கள், லார்வாத் தொகுதி மாறும் ஒவ்வொரு முறையும் அதையே திரும்பச் செய்யுங்கள், உடற்கூறு நாளில் எண்ணுபவருக்கு எந்தக் குழாய் எந்தக் குழுவுடையது என்று தெரியாதபடி வேறொருவர் எண்ணிட்டுக் கொடுக்கட்டும்.